தங்கவயலிலிருந்து சேதுவுக்கு

கோலார் தங்கவயலில் இருப்புப்பாதை முடிவுறும் ஊர் மாரிகுப்பம். பங்காருப்பேட்டையிலிருந்து பிரிந்துவரும் கிளைப்பாதை 1894-ஆம் ஆண்டில் இங்கு வந்து சேர்ந்தது. அதற்கப்பால் தண்டவாளம் இல்லை. செம்மண் நிலமும், தொழிலாளர்களின் லைன் வீடுகளும், பொன்னைப் பிரித்தெடுத்தபின் கொட்டிக் குவித்த சயனைடு மண்மேடுகளுமே கண்ணில் படுகின்றன. விடியுமுன் இங்கிருந்து கிளம்பும் ரயிலில் ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்கு வேலை தேடிச் சென்று, இரவில் திரும்புகின்றனர். 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டபின் இவ்வூரின் வாழ்வு அந்த ரயிலையே நம்பி நிற்கிறது.

அந்தக் கிளைப்பாதையில் ஒரு நிலையத்தின் பெயர் கோரமண்டல். சோழமண்டலக் கரையைக் குறிக்க ஐரோப்பியர் வழங்கிய பெயர் அது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில், அலையோசையே எட்டாத பீடபூமியில், ஒரு கடற்கரையின் பெயர் பலகையில் எழுதி நிற்கிறது. நாள்தோறும் அதைக் கடந்து செல்வோருள் எத்தனை பேர் அதன் பொருளை எண்ணியிருப்பார்கள்?

வியப்பு அதோடு முடியவில்லை. தங்கவயலின் சாம்பியன் ரீப் சுரங்கம் ஏறத்தாழ 3,200 மீட்டர் ஆழம் கொண்டது. பீடபூமியின் உயரத்தைக் கழித்தாலும் அதன் அடித்தளம் கடல் மட்டத்திற்குக் கீழே இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் இருந்தது. அங்கே பாறையின் வெப்பம் 60 பாகைக்கும் மேல். காற்றைக் குளிரவைத்து உள்ளே செலுத்தினால்தான் மனிதன் மூச்சுவிட முடியும். பாறை எப்போது வெடித்துச் சிதறும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. அத்தகைய இடத்தில் மூன்று தலைமுறைத் தமிழர்கள் இறங்கி உழைத்தார்கள். கடலின் மட்டத்திற்கும் கீழே போய்வந்த அவர்களுள் பலர், கடலைக் கண்ணால் காணாமலே வாழ்ந்து மறைந்தார்கள்.

தங்கவயலின் எந்தத் தெருவிலும் காணக்கூடிய ஒரு குடும்பத்தை மனத்தில் கொள்ளலாம். தந்தை சுரங்கத்தின் ஆழ்மட்டங்களில் வேலை செய்தவர். பாறைத் தூசு நுரையீரலில் படிந்து, இருமலோடு ஓய்வுபெற்றவர். ‘அடுத்த வருஷம் ராமேஸ்வரம் போய்க் கடலில் முழுகிவிட்டு வரலாம்’ என்று ஒவ்வோர் ஆண்டும் மனைவியிடம் சொல்லிவந்தார். ஓர் ஆண்டு பிள்ளையின் படிப்பு. மற்றோர் ஆண்டு பெண்ணின் திருமணம். பிறகு சுரங்கமே மூடிவிட்டது. சொன்ன சொல் சொல்லாகவே இருக்க, அவர் போய்ச் சேர்ந்தார். இப்போது அந்தத் தாயையும் மனைவி மக்களையும் அழைத்துக்கொண்டு மகன் சேது யாத்திரைக்குக் கிளம்புகிறார். நான்கு நாள் விடுப்பு. சிறுகச் சிறுகச் சேர்த்த பணம்.

‘நாளைப் போவேன், நாளைப் போவேன்’ என்று தில்லையை எண்ணி ஏங்கிய ஓர் அடியாரைச் சேக்கிழார் நமக்குக் காட்டியிருக்கிறார். போக முடியாத அந்த ஏக்கமே அவருக்குத் திருநாளைப்போவார் என்ற பெயராயிற்று. போய்வந்தவர்களின் பட்டியல் எங்கும் இல்லை. போக ஏங்கியவரின் பெயரோ அறுபத்துமூவருள் ஒன்றாக நிற்கிறது. சுரங்கத் தொழிலாளியின் ‘அடுத்த வருஷ’த்தையும் இறைவன் அந்தக் கணக்கில்தான் வைத்திருப்பான்.

ஏழையின் வேள்வி

மகாபாரதத்தின் வன பர்வத்தில் தீர்த்த யாத்திரையைப் பற்றி விரிவான ஒரு பகுதி உண்டு. புலஸ்திய முனிவர் பீஷ்மருக்கு உரைத்ததாக அது அமைந்திருக்கிறது. வேள்வி செய்யப் பெரும்பொருள் வேண்டும். பல கருவிகளும் துணைவரும் வேண்டும். அவை அரசர்க்கும் செல்வர்க்குமே கைகூடும். பொருளும் துணையும் இல்லாத எளியவனுக்கு வேள்விக்கு நிகரான, அதனினும் மேலான பலனைத் தருவது தீர்த்த யாத்திரை என்பது அங்கே கூறப்படும் கருத்து. ஆனால் அதற்கும் ஒரு தகுதி உண்டு. கையும் காலும் மனமும் ஒருவனுக்கு அடங்கியிருக்க வேண்டும். பிறரிடம் கைநீட்டிப் பெறாமல், கிடைத்தது கொண்டு நிறைவுற்று, செருக்கின்றி இருக்க வேண்டும். அத்தகையவனே தீர்த்தத்தின் பலனை அடைகிறான் என்கிறார் முனிவர். தூரத்தையோ செலவையோ அவர் கணக்கில் சேர்க்கவே இல்லை.

தீர்த்தம் என்ற வடசொல்லுக்கு ஆற்றைக் கடக்கும் துறை என்பதே முதற்பொருள். இக்கரையில் நிற்பவன் அக்கரை சேர இறங்கும் இடம் அது. ஆகவே தீர்த்த யாத்திரை செய்பவன் எதையேனும் கடந்திருக்க வேண்டும். பல ஊர்களைப் பார்த்துப் படங்களோடு திரும்பியவன் பயணம் செய்தவனே. துறையில் இறங்கினானா என்பதை அவன்தான் சொல்ல வேண்டும்.

இங்கே மறைக்கத்தகாத ஓர் உண்மையும் உண்டு. யாத்திரை ஏழையின் வேள்வி என்று நூல் சொன்னது. அந்த ஏழை யாத்திரையின் முடிவில் கண்டது பெரும்பாலும் சாத்திய கதவு. தங்கவயலுக்கு வந்துசேர்ந்த தொழிலாளர்களில் பெரும்பான்மையோர் வட ஆற்காடு முதலிய பகுதிகளின் ஆதிதிராவிட மக்கள். அவர்களின் பாட்டன்மார் ராமேஸ்வரம் வரை நடந்தே போயிருந்தாலும் கோபுரத்தைத்தான் கும்பிட்டுத் திரும்பியிருக்க முடியும். திருப்புன்கூரில் திருநாளைப்போவார் கண்குளிரக் காணும்படி நந்தி விலகியது என்கிறது வரலாறு. கல் நந்தி விலகிற்று. மனிதர் விலகப் பன்னூறு ஆண்டுகள் ஆயின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதே மாரிகுப்பத்தில் பண்டிதர் அயோத்திதாசரின் வழிநின்று பௌத்த சங்கம் அமைத்தவர்கள் இருந்தார்கள். கதவு திறக்கும்வரை வாசலில் காத்திருக்க அவர்கள் விரும்பவில்லை. அவர்களைக் குறைகூற யாருக்கும் தகுதியில்லை. 1939 ஜூலை 8-ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் வைத்தியநாதையரின் முயற்சியால் அரிசனங்கள் உள்ளே நுழைந்தனர். 1947-ஆம் ஆண்டின் சட்டம் சென்னை மாகாணத்துக் கோயில்கள் அனைத்தையும் எல்லா இந்துக்களுக்கும் திறந்தது. மாரிகுப்பத்துத் தாய் இன்று ராமநாதர் சந்நிதியில் நிற்கும்போது, அவர் ஒருவராக நிற்கவில்லை. உள்ளே வர இயலாமற்போன முன்னோர் பலரும் அவர் கண்களின் வழியே காண்கிறார்கள்.

கரையில் காத்திருத்தல்

பங்காருப்பேட்டை, ஜோலார்பேட்டை என்று ரயில் மாறி, தமிழகத்தின் குறுக்கே ஓர் இரவைக் கழித்து, ராமநாதபுரம் வந்து இறங்குகிறது குடும்பம். சேதுவுக்குச் செல்வோர் முதலில் தேவிபட்டினத்தை வழிபடுவது மரபு. அங்கே கடலுக்குள் ஒன்பது கற்கள் நிற்கின்றன. ராமபிரான் நவக்கிரகங்களை நிறுவி வழிபட்ட இடம் என்பது தலவரலாறு. கோபுரமோ விமானமோ அவற்றின்மேல் இல்லை. அலை ஏறுகிறது, இறங்குகிறது, கற்கள் நிற்கின்றன. குழந்தைகள் கண்ட முதற்கடல் இதுவே. ஆரவாரமில்லாத ஆழமற்ற கடல் என்பதால் அவர்களுக்குச் சற்று ஏமாற்றம்.

திருப்புல்லாணி அங்கிருந்து நெடுந்தொலைவில் இல்லை. ஆதிஜகந்நாதப் பெருமாள் கோயில் கொண்ட ஊர். திருமங்கையாழ்வாரின் மங்களாசாசனம் பெற்ற தலம். இங்கே ராமபிரானைத் தர்ப்பைப் புல்லின்மேல் பள்ளிகொண்ட கோலத்தில் காணலாம். மகுடமும் சிங்காதனமும் இல்லாத அந்தக் கோலத்தின்முன் சற்று நின்று எண்ணவேண்டும். மனைவியைப் பறிகொடுத்தவர், காடெல்லாம் தேடிக் கடற்கரைக்கு வந்திருக்கிறார். கையில் வில் இருக்கிறது; பின்னால் சேனை இருக்கிறது. ஆயினும் முதலில் அவர் செய்தது, வழிவிடுமாறு கடலரசனை வேண்டி மூன்று நாள் புல்லில் கிடந்தது. கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது. அவதாரமாகவே வந்தவரும் கரையில் காத்திருக்க நேர்ந்தது. வேண்டியது உடனே கிட்டவில்லை என்று வாடும் உள்ளத்திற்கு இந்தத் தலம் சொல்லும் ஆறுதலை வேறெந்தத் தலம் சொல்லும்? தந்தையின் பல்லாண்டுக் காத்திருப்பை நினைத்து அந்தத் தாய் இங்குதான் முதன்முதலாகக் கண்கலங்கினார்.

அணை கட்டத் தொடங்கியபோது அணிலும் வந்து உதவியது என்ற கதை எல்லோரும் அறிந்ததே. நீரில் நனைந்து, மணலில் புரண்டு, உடலில் ஒட்டிய மணலைக் கடலில் உதறிய அந்தச் சிற்றுயிரைத் தொண்டரடிப்பொடியாழ்வார் திருமாலையில் நினைந்து உருகுகிறார். மலைகளைச் சுமந்த வானரங்களின் பெயர்கள் பலருக்கு மறந்துபோயின. அணில் மறக்கப்படவில்லை. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் தங்கவயல் நாட்டுக்கு வழங்கிய பொன் 800 டன் என்பர். அதை உடைத்து, தோண்டி, மேலே அனுப்பியவர்களின் பெயர்கள் எந்தப் பொற்கட்டியிலும் பொறிக்கப்படவில்லை. மணலை உதறிய அணிலின் முதுகை வருடிய கை அவர்களை மட்டும் மறந்திருக்குமா?

இருபத்திரண்டு கிணறுகள்

பாம்பன் கடலின் குறுக்கே 1914-இல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலம் நூறாண்டுக்கு மேல் யாத்திரிகர்களைச் சுமந்தது. 2022 டிசம்பரில் அதில் ரயில்கள் நின்றன. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பக்தர்கள் மண்டபம் பகுதியிலேயே இறங்கி, 1988-இல் திறக்கப்பட்ட சாலைப் பாலத்தின் வழியே தீவை அடைந்தனர். 2025 ஏப்ரல் 6-ஆம் நாள் புதிய பாலம் திறக்கப்பட்டது. கப்பல் வரும்போது அதன் நடுப்பகுதி அப்படியே மேலெழுந்து வழிவிடுகிறது. சுரங்கத்தில் ‘கேஜ்’ என்னும் தூக்கியில் ஏறி இறங்கிய கதைகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு, ஒரு பாலமே தூக்கியைப்போல் ஏறி இறங்கும் என்பது பெரிய அதிசயம்.

ராமேஸ்வரத்தில் முதல் நீராடல் கடலில். கோயிலின் கிழக்கே அலை ஓய்ந்து நிற்கும் அக்கடலுக்கு அக்னி தீர்த்தம் என்று பெயர். மகன் தெற்கு நோக்கி அமர்கிறார். எள்ளும் தர்ப்பையும் பிண்டமும் வைத்துப் புரோகிதர் சொல்லச் சொல்ல, தந்தை, பாட்டன், முப்பாட்டன் என்று மூன்று தலைமுறைக்கு நீர்விடுகிறார். முப்பாட்டன் பெயர் தெரியவில்லை. தங்கவயலுக்கு வந்த குடும்பங்கள் பலவற்றில் அந்தப் பெயர் பழைய கிராமத்தோடு தங்கிவிட்டது. தெரியாவிட்டால் இறைவனின் பெயரைச் சொல்லலாம் என்கிறார் புரோகிதர். முன்னோரின் பெயர் மறந்த இடத்தில் இறைவன் பெயர் வந்து நிற்பது, மறதிக்கும் ஒரு பொருள் தந்துவிடுகிறது.

தர்ப்பணத்தின் முடிவில் மற்றொரு நீர்வார்ப்பு உண்டு. தாயோ தந்தையோ உற்றாரோ இல்லாதவர்கள், தமக்காக நீர்விட யாரும் இல்லாதவர்கள், அவர்கள் எல்லோரும் இந்த நீரால் நிறைவு பெறட்டும் என்பது அப்போது சொல்லும் மந்திரத்தின் பொருள். பொருள் அறியாமல் சொல்லிவிட்டு எழுந்துவிடுவோர் பலர். மகன் பொருள் கேட்டார். கேட்டபின் சற்று நேரம் அவரால் கையைச் சாய்க்க முடியவில்லை. பாறை வெடித்த நாள்களில் மேலே வராதவர்கள் நினைவுக்கு வந்தார்கள். ஊர் விட்டு ஊர் வந்து, லைன் வீட்டில் தனியே கிடந்து, இருமி இறந்தவர்கள் நினைவுக்கு வந்தார்கள். தன் தந்தைக்கென்று வந்தவர் அவர்கள் அனைவருக்குமாக ஒருகை நீர் வார்த்தார். இந்த யாத்திரையில் அவர் கடந்த துறை எது என்று கேட்டால், அந்த ஒருகை நீரைத்தான் காட்டவேண்டும்.

கோயிலுக்குள் தீர்த்தக் கிணறுகள் 22. வாளியால் மொண்டு தலையில் ஊற்றுகிறார்கள். ஈரத்துணியோடு கூட்டம் ஒரு கிணற்றிலிருந்து அடுத்த கிணற்றுக்கு ஓடுகிறது. சேதுபதிகளின் காலத்தில் எழுந்த நெடும் பிரகாரங்களின் கல்தரை எங்கும் நீர். செல்வரும் ஏழையும் நனைந்த கோலத்தில் ஒன்றுபோலவே தெரிகிறார்கள். வெளியே கடல் உப்பு. சில நூறு அடி உள்ளே கிணறுகளில் நல்ல நீர். ஒவ்வொன்றின் சுவையும் வேறு என்று பக்தர்கள் சொல்வதுண்டு.

இந்த நல்ல நீருக்கு இயற்கையில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. மணல் தீவில் பெய்யும் மழை, மணலுக்குள் இறங்கித் தேங்குகிறது. உப்புநீர் கனமானது, மழைநீர் அதனினும் இலேசானது. ஆகவே தீவுக்கு அடியில் நல்ல நீர் உப்புநீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. வாளியால் அளவோடு மொண்டால் ஊறிக்கொண்டே இருக்கும். ஆசைப்பட்டு ஆழத்திலிருந்து உறிஞ்சினால் அடியிலுள்ள உப்பு மேலேறிவிடும். பிறகு அது எளிதில் இறங்காது. பொன்னுக்காக மூன்று கிலோமீட்டர் ஆழம் தோண்டிய ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இதைத் தனியே விளக்கத் தேவையில்லை. இருபத்திரண்டு கிணறுகளும் முடிந்து, ஈர உடை மாற்றி, சந்நிதிக்குள் சென்றார்கள். முதலில் அனுமன் கொணர்ந்த விசுவலிங்கம். பிறகு சீதாபிராட்டி மணலால் பிடித்த ராமலிங்கம். தூரத்திலிருந்து கொண்டுவந்ததற்கு முதற்பூசை. கையருகே இருந்த மணலுக்கு மூலஸ்தானம். இரண்டையும் தள்ளாத பெருமான் அவன்.

அக்கரையைப் பாடியவர்

ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் இத்தலத்திற்கு வந்தார். கடலுக்கு அப்பால் ஈழநாட்டில் திருக்கோணமலையும் திருக்கேதீச்சரமும் இருந்தன. பாண்டி நாட்டைச் சுற்றிவந்த பிள்ளையார் கப்பலேறவில்லை. இக்கரையில் நின்றபடியே அவ்விரு தலங்களையும் நினைந்து பதிகம் பாடினார் என்கிறது பெரியபுராணம். கண்ணால் காணாத தலத்தை அவர் பாடிவிட்டார். போக முடியாதவர்கள் அனைவருக்கும் அன்று அவர் ஒரு வழி திறந்துவைத்தார் என்றே கொள்ளலாம்.

திருக்கோணமலைக்குப் பிற்காலத்தில் நேர்ந்தது யாவரும் அறிந்தது. கடல்மேல் நீட்டிய குன்றின் உச்சியில் இருந்த பெருங்கோயிலை 17-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இடித்தனர். கற்கள் கடலுக்குள் வீழ்ந்தன. 1956-இல் அக்கடலில் மூழ்கியவர்கள் செதுக்கிய கற்களை நீருக்கடியில் கண்டனர். கோயில் இல்லாதிருந்த காலம் நெடியது. அக்காலம் முழுவதும் இக்கரையிலும் அக்கரையிலும் பதிகம் ஓதப்பட்டு வந்தது. கல்லால் ஆனது கடலுக்குள் போயிற்று. கரையில் நின்று பாடியது போகவில்லை. இன்று அங்கே மீண்டும் கோயில் எழுந்திருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023-இல் பயணியர் கப்பலும் தொடங்கிற்று. இடையே நின்று 2024-இல் மீண்டும் ஓடியது. நயினாதீவு நாகபூஷணி அம்மனைக் காண விழைவோர்க்கு அது பெரிய வாய்ப்பு. ஆயினும் மாரிகுப்பத்துக் குடும்பத்தின் பணம் ராமேஸ்வரத்தோடு முடிந்துவிட்டது. கிழக்குக் கரையில் நின்று அக்கரைத் திசையைக் கைகூப்பி வணங்கியதோடு சரி. சம்பந்தப் பிள்ளையார் செய்ததும் அதுவே.

மூன்றாம் நாள் தனுஷ்கோடி. குழந்தைகள் நாள்முழுதும் காத்திருந்த பெருங்கடல் இங்கேதான் கிடைத்தது. ஒருபுறம் வங்கக் கடல், மறுபுறம் மன்னார் வளைகுடா. 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை வந்துவிட்டதால் தீவின் முனையில் நின்று இரு கடலையும் ஒருசேரக் காணலாம். சென்னையிலிருந்து வந்த போட்மெயிலிலிருந்து இறங்கி மக்கள் தலைமன்னாருக்குக் கப்பலேறிய துறைமுக நகரம் இது. 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு வீசிய புயலில் நகரமும், பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த ரயிலும் அழிந்தன. ரயிலில் வந்தவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இடிந்த தேவாலயச் சுவரும் நிலையத்தின் மிச்சமும் மணலில் நிற்கின்றன. வேலை போன ஊரிலிருந்து வந்தவர்கள், ஊரே போன ஓர் இடத்தில் நின்றார்கள். ‘நம்ம ஊர் பரவாயில்லை’ என்று தாய் சொன்னது முதலில் வேடிக்கையாக இருந்தது. பிறகு யாரும் சிரிக்கவில்லை.

ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஒரு காலத்தில் யாத்திரிகர்களை ஏற்றிச் சென்ற படகுகளுள் ஒன்று அப்துல் கலாமின் தந்தையாருடையது. சீதா ராம கல்யாண விழாவில் மூர்த்திகளை ராம தீர்த்தத்தின் நடுவே எடுத்துச் செல்லவும் அக்குடும்பமே படகு ஏற்பாடு செய்துவந்தது. சேதுவின் புனிதத்தைப் பேசும்போது அந்தப் படகோட்டியையும் சேர்த்தே பேசவேண்டும்.

மாலையில் குழந்தைகள் மணலில் விளையாட, பெரியவர்கள் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தார்கள். தீவில் இப்படி வெறுமனே இருப்பது யாத்திரையாகுமா, உல்லாசப் பயணமாகாதா என்று சிலர் ஐயுறுவர். ஆண்டு முழுதும் விடியுமுன் எழுந்து ரயிலுக்கு ஓடும் உடலுக்கு ஓய்வு தருவதை எந்தச் சாத்திரமும் பழிக்கவில்லை. அந்த ஓய்வில் என்ன கேட்கிறது என்பதே பொருட்டு. தங்கவயலிலேயே இதற்கு ஒரு நிகழ்ச்சி உண்டு. வானிலிருந்து வரும் நியூட்ரினோ என்னும் நுண்துகளைக் கண்டறிய விரும்பிய அறிஞர்கள், மற்றத் துகள்களின் இரைச்சலைத் தடுக்கப் பூமிக்குள் இறங்கினார்கள். சாம்பியன் ரீப் சுரங்கத்தில் இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் கருவிகளை வைத்து, 1965-இல் அத்துகளின் வருகையைப் பதிவு செய்தார்கள். வானத்தின் செய்தியைக் கேட்கப் பாதாளத்தின் அமைதி வேண்டியிருந்தது. ஓசை அடங்கிய ஓர் இடத்தை உடலாவது உள்ளமாவது அடைந்தால்தான் சில செய்திகள் வந்து சேரும். கைப்பேசியில் அலையைப் படம்பிடித்துக்கொண்டே இருப்பவருக்கு அலையோசைகூடக் கேட்பதில்லை.

1897 ஜனவரியின் இறுதியில் மேலைநாடுகளிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர், யாழ்ப்பாணத்திலிருந்து கடல்வழியே பாம்பனில் வந்து இறங்கினார். ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி அவரை வரவேற்றார். ராமேஸ்வரம் கோயிலில் சுவாமிகள் ஆற்றிய உரை உண்மை வழிபாட்டைப் பற்றியது. நல்லோர் வாழும் இடம் கோயில் இல்லாவிடினும் தீர்த்தம். நூறு கோயில்கள் இருந்தும் அங்குள்ளோர் தூயவராக இல்லையேல் தீர்த்தத்தன்மை போய்விடும் என்ற கருத்தை அந்தக் கோயிலுக்குள்ளேயே நின்று அவர் சொன்னார். ஏழையிடமும் எளியவரிடமும் நோயாளியிடமும் சிவனைக் காண்பவனே சிவனை உண்மையாக வழிபடுபவன் என்றார். திருவிழாக் கூட்டத்தின் முன் இதைச் சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும்! பாகவதத்தில் தீர்த்தயாத்திரை முடித்துத் திரும்பிய விதுரரைப் பார்த்துத் தருமர் சொல்வதும் இதனோடு ஒத்தது. உள்ளத்தில் இறைவனைக் கொண்ட அடியார்கள் தாமே தீர்த்தங்கள். அவர்கள் போவதால்தான் தீர்த்தங்கள் தீர்த்தங்களாகின்றன என்கிறார் அவர்.

நான்காம் நாள் திரும்புதல். தாயின் பையில் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று தீர்த்தம் நிறைத்த புட்டி. மற்றொன்று துணியில் முடிந்த சேது மணல். சேது மணலைக் காசிக்குக் கொண்டுசெல்வதும் கங்கை நீரைக் கொணர்ந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்வதும் பழைய மரபு. இவர்கள் காசிக்குப் போவார்களா என்பது தெரியாது. போகிறவர் யாரேனும் கிடைத்தால் கொடுத்தனுப்பலாம் என்று தாய் அதைப் பூசைமாடத்தில் கணவரின் படத்தருகே வைத்தார். ‘கடல் எப்படி இருந்தது என்று அவர் கேட்டால் நான் என்ன சொல்வேன்?’ என்று மருமகளிடம் கேட்டார். மருமகளுக்கும் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் விடியுமுன் மகன் வழக்கம்போல் மாரிகுப்பம் நிலையத்திற்கு வந்தார். அதே பெட்டி, அதே இடம். எதிரே அமர்ந்தவர் அவருடைய தந்தையோடு ஒரே ஷிப்டில் சுரங்கத்தில் இறங்கியவர். இப்போது பெங்களூரில் இரவுக் காவலராக ஒரு கட்டடத்தில் வேலை. இருமல் அவருக்கும் உண்டு. ‘என்னப்பா, அப்பாவுக்குச் செய்துவிட்டு வந்தாயா? கடல் எப்படி இருந்தது?’ என்று கேட்டார். ரயில் கோரமண்டல் நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. மகன் பையைத் திறந்து, தாய் தனியே ஊற்றிக் கொடுத்திருந்த சிறு புட்டியை எடுத்து, ‘கையை நீட்டுங்கள், மாமா’ என்றார்.